பௌர்ணமிக் கடிதத்தில் இடம் மாறிய செவ்வாய்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிறது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு நின்றுவிடும். இரண்டு முறை ஒரு பக்கம் வரைக்கும் எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள், எழுத வராது என்பது ஒரு காரணம். ஆனால் அது சின்னக் காரணம். தப்பு என்னுடையது; அதனால் ஆடிப்போனது இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை. என் தப்பைச் சொல்ல அவர்கள் வீட்டு விஷயத்தை நான் தெருவுக்குக் கொண்டு வரலாமா என்றுதான் தயங்கினேன். போன மாசம் அந்தப் பெண்ணே, எழுதுங்க பெரிம்மா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அப்போது செல்போன் ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்தது. இன்டர்நெட் மட்டும் கடைக்குப் போய்ப் பார்க்கிற சாமானாகவே இருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், இன்டர்நெட் மூன்றும் உண்டு. என் வீட்டுக்காரர் கழனி வேலைக்குக் கிளம்பியதும் நான் சமையலை முடித்துவிட்டு அங்கே போவேன். தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, மனு, பாகப்பிரிவினைக் காகிதம் என்று வருவதை எல்லாம் அடித்துக் கொடுப்பேன். மூன்று மணிக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை தோறும் பெருமாள் கோயிலில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பஜனை பாடுவோம். ஊரை விட்டுப் போனவர்கள் பலர் மெட்ராஸ், பெங்களூர், மஸ்கட் என்று இருந்தார்கள். உற்சவம் எப்போது, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று அவர்கள் விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். மாசம் ஒரு முறை பௌர்ணமி அன்று எல்லோருக்கும் ஒரே கடிதமாக மெயிலில் அனுப்பினால் என்ன என்று எங்கள் கோஷ்டியில் பேச்சு வந்தது. கம்ப்யூட்டர் தொட்டவள் நான் ஒருத்திதான், அதனால் வேலை என் தலையில் விழுந்தது. சேவையாகத்தான் செய்தேன். பாயும் அந்த நேரத்துக்கு மெஷினைச் சும்மா விட்டுக் கொடுத்தார். சாமி காரியம்னா எல்லாருக்கும் சாமி காரியம்தான் தங்கச்சி என்றார்.

எனக்குத் தெரிந்தது வேர்டு. அதில் கடிதத்தை அழகாக அடிப்பேன். தலைப்புக்கு சிவப்பு, உள்ளே நீலம், மேலே பெருமாள் படம், சுற்றிலும் பூ பார்டர். ஆனால் மெயில் அனுப்புவதற்கு வேறு ஒரு பக்கம் திறக்க வேண்டும். அதில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டம் இருக்கும், மேலே வரிசையாகச் சின்னச் சின்ன பட்டன்கள். அதுதான் மெயில் எடிட்டர். வேர்டில் அடித்ததைக் காப்பி செய்து அந்தக் கட்டத்தில் பேஸ்ட் பண்ண வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் மாசமே மானம் போயிற்று. மஸ்கட்டிலிருந்து ஒருவர் எழுதினார்: பெருமாள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறது அம்மா. இன்னொருவருக்கு முதல் பாரா யானை மாதிரியும் அடுத்த பாரா எறும்பு மாதிரியும் போயிருந்தது. வரிக்கு வரி நடுவில் ஒரு முழம் இடைவெளி. மெட்ராஸில் ஒரு அம்மாவுக்கு எழுத்தே தெரியவில்லை, வெறும் கோடும் புள்ளியும்தான். அவர்களிடம் எங்கள் எழுத்துரு இல்லையாம். பாய் எங்கேயோ விசாரித்து, எங்கும் படிக்கிற மாதிரி எழுத்தை மாற்றும் வழியைத் தெரிந்துகொண்டு வந்தார். மற்றதற்கும் அவரே ஒரு விளக்கம் சொன்னார்.

"வேர்டு இன்னா பண்ணுது தெரியுமா தங்கச்சி? நம்ம எயுத்த மட்டும் அனுப்பல. அதும் துணிமணி, சட்டி பானை எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கினு கூடவே வருது. அந்த வூட்டுக்காரன் எத உள்ள வுடுவான், எத வெளிய போடுவான்னு நமக்கு இன்னா தெரியும்?"

அதற்குப் பிறகு கலரைக் குறைத்தேன், பார்டரை விட்டேன், படத்தைத் தனியாகச் சேர்த்தேன். கடிதம் ஒரு மாதிரி ஒழுங்குக்கு வந்தது. எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றே நினைத்துவிட்டேன். ஆனால் டைப்ரைட்டர் பழக்கம் ஒன்று என் விரலை விட்டுப் போகவே இல்லை. டைப்ரைட்டரில் ஒரு எழுத்தை வலது பக்கம் தள்ளி வைக்க வேண்டுமானால் இடைவெளிக் கட்டையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். எட்டு தட்டு, பத்து தட்டு என்று கணக்கு வைத்து, பட்டியல் எல்லாம் அப்படித்தான் போடுவோம். வேர்டிலும் நான் அதையேதான் செய்தேன்.

எங்கள் கோஷ்டியில் பெருநகரிலிருந்து ஒருத்தி வருவாள். முன்னே எங்கள் தெருவில் பத்து வருஷம் குடியிருந்தவள். புருஷன் காலமான பிறகு, அவர் பாகத்து நிலத்தைப் பார்த்துக்கொள்ள மகளோடு பெருநகருக்குப் போய்விட்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவாள். என்னை அக்கா என்பாள், நானும் அவளைத் தங்கையாகத்தான் நினைத்தேன். மகளுக்கு அப்போது இருபத்தேழு. நர்சரி பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் துடுக்கு, மனசு வெள்ளை. வந்த வரன் மூன்றும் தட்டிப்போயின. ஒரு வீட்டில் அப்பா இல்லாத பெண் என்றார்கள், ஒரு வீட்டில் உயரம் என்றார்கள், ஒரு வீட்டில் காரணமே சொல்லவில்லை.

அந்த வருஷம் ஐயங்கார்குளத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. அழுத குழந்தையை இந்தப் பெண் வாங்கிக்கொண்டு போய்க் குளத்துப் படியில் உட்கார்ந்து, மீனைக் காட்டி, ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். அதை ஒரு அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தென்னேரிக்காரர்கள், பெங்களூரில் இருப்பவர்கள். மகன் அங்கே ஒரு கம்பெனியில் வேலை. அந்த அம்மா எங்கள் பௌர்ணமிக் கடிதத்தை மாசா மாசம் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்பவர். கடிதத்தின் கடைசியில் மணமாலை என்று ஒரு பகுதி இருக்கும்; கல்யாணத்துக்கு இருக்கும் பிள்ளைகளின் விவரம் போடுவோம். "பொண்ணு ஜாதகத்த அதுலயே போட்டுடுங்க, எங்க வூட்ல எல்லாரும் அதத்தான் பார்ப்பாங்க" என்று பெண்ணின் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் தங்கை ஜாதகத்தை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டு வந்தாள். பெண் பிறந்தபோது ஜோசியர் கணித்துக் கொடுத்ததை, அவள் புருஷன் தன் கைப்பட ஒரு தாளில் பிரதி எடுத்து வைத்திருந்தார். முத்து முத்தான எழுத்து. மேலே "சுத்த ஜாதகம்" என்று கோடு போட்டு எழுதியிருந்தார். எந்த தோஷமும் இல்லை என்று அர்த்தம். அவள் அந்தத் தாளை இரண்டு கையாலும் நீட்டினாள். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்கினேன்.

ராசிக் கட்டம் எல்லோரும் பார்த்ததுதான். பன்னிரண்டு கட்டம், நடுவில் வெற்றிடம். சில கட்டத்தில் இரண்டு கிரகம் இருக்கும், சில கட்டம் காலியாக இருக்கும். வேர்டில் கோடு இழுத்துக் கட்டம் வரைந்தேன். அதற்குள் கிரகங்களை என் பழக்கப்படி இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி அதனதன் இடத்துக்குக் கொண்டு போய் வைத்தேன். திரையில் அச்சு மாதிரி இருந்தது. மேலே சுத்த ஜாதகம் என்று தடிமனாகப் போட்டேன்.

பிறகு காப்பி, பேஸ்ட். மெயில் எடிட்டரில் நான் வரைந்த கோடு வரவில்லை. கிரகங்கள் மட்டும் நாலு வரியாக ஒட்டிக்கொண்டு நின்றன. அதனால் என்ன என்று, எடிட்டரிலேயே அட்டவணை போடும் பட்டனை அழுத்தி நாலுக்கு நாலு கட்டம் வரவழைத்து, அந்த வரிகளில் இருந்த கிரகங்களை ஒன்றன் பின் ஒன்றாக எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். தாள் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தே செய்தேன். முடித்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன், இந்த முறையாவது அந்தப் பெண்ணுக்கு அமைய வேண்டும் என்று. கும்பிட்டுவிட்டு அனுப்பும் பட்டனை அழுத்தினேன்.

நாலாம் நாள் பெங்களூரிலிருந்து என் தங்கைக்குப் போன். பேசியது பையனின் அப்பா. ஏழாம் இடத்தில் செவ்வாயை வைத்துக்கொண்டு சுத்த ஜாதகம் என்று போட்டிருக்கிறீர்களே, மறைத்துப் பெண் கொடுக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இவளைப் பதில் சொல்ல விடாமல் வைத்துவிட்டாராம். ஏழாம் இடம் என்பது கணவன் இடம். அங்கே செவ்வாய் இருந்தால் நம் பக்கத்தில் லேசில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு ஐயங்கார்குளத்து ஜோசியரிடம் ஓடியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, தாளில் இருக்கிறபடி தோஷம் இல்லை, தாள் சரியாக எழுதியதுதானா என்று நான் எப்படிச் சொல்ல முடியும் என்றாராம். கணித்த ஜோசியரும் இல்லை, பிரதி எடுத்தவரும் இல்லை. அதோடு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். இரண்டு வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரவில்லை. விவரம் எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது என் காதுக்கு வந்தது, பெங்களூர் இடம் அமையவில்லை என்பது மட்டும்தான். பெருமாள் வேறு இடம் வைத்திருக்கிறார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கடைக்கே வந்தாள். அந்த மஞ்சள் துணி கையில் இருந்தது. முகம் வாடி இருந்தது.

"அடுத்த கடுதாசில எம் பொண்ணு பேர எடுத்துடுக்கா. வாலாஜாபாத் பக்கம் ஒரு இடம். ரெண்டாம் தாரம், ஒரு கொயந்த கீது. நல்ல மனுஷன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கெயம தட்டு மாத்த வராங்க."

பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவ இன்னா சொல்லுவா, சிரிச்சிக்கினே கீறா என்றாள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகுதான் போனில் பேசிய பேச்சையும், ஏழாம் இடத்தையும் சொன்னாள்.

பெயரை எடுப்பதற்காகப் போன மாசக் கடிதத்தைத் திறந்தேன். ஏழாம் இடம் எது என்று பார்க்கலாம் என்று அவள் துணியைப் பிரித்துத் தாளையும் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு ஜோசியம் தெரியாது. கட்டத்தை எண்ணத் தெரியும். தாளில் கீழ் வரிசையில் முதல் இரண்டு கட்டத்திலும் கிரகம், மூன்றாவது காலி, நாலாவதில் செவ்வாய். திரையில் செவ்வாய் மூன்றாவது கட்டத்தில் இருந்தது. நாலாவது காலி.

இரண்டு முறை எண்ணினேன். மேஷ லக்னம். தாளில் செவ்வாய் ஆறாம் இடம். திரையில் ஏழாம் இடம்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னக்கா என்றாள். ஒண்ணுமில்ல, பேரை எடுத்துட்டேன், தாள மட்டும் இன்னிக்கி இங்க வெச்சுட்டுப் போமா என்றேன். அந்தப் பொய்யை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் கிளம்பிவிட்டாள்.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வேர்டில் இருந்த பழைய பக்கத்தைத் திறந்து, திரும்பவும் எடிட்டரில் பேஸ்ட் செய்து பார்த்தார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நான் பத்து முறை தட்டிய இடைவெளியை மெயில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறது. எழுத்தைக் கொண்டுபோகிறது, காலி இடத்தைக் கொண்டுபோவதில்லை. நான் வெறும் வெளியால் காட்டியிருந்த காலிக் கட்டம் அப்படியே மறைந்துபோய், அடுத்த வீட்டுச் செவ்வாய் நகர்ந்து அங்கே வந்துவிட்டது. மேலே இருந்த வரியில் ராகுவும் அப்படியே நகர்ந்திருந்தது.

பாய் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துத் தானும் எண்ணிப் பார்த்தார். பிறகு, "பேஜாரான வேலை ஆயிடுச்சே தங்கச்சி. மெஷின் மேல பழிய போட்டுறலாம். போட்டா அது ஒண்ணும் கோவிச்சுக்காது. ஆனா தாளு நம்ம பக்கத்துலதானே இருந்துது?" என்றார்.

அன்று சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கழனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் என்ன என்ற நினைப்பும் எனக்கு வந்தது, அதையும் மறைக்காமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எப்படியோ ஒரு கல்யாணம் நிச்சயமாகப் போகிறது, நடுவில் நான் போய்க் குழப்புவதா என்று. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலைல ஏயு மணி வண்டிக்கு கெளம்பு. நான் மாட்ட பார்த்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

பெருநகரில் நான் போனபோது அவள் வாசலில் நெல்லைக் காய வைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை என்பதால் பெண்ணும் வீட்டில் இருந்தாள். வாக்கா, நாளைக்குத்தான் வருவேன்னு நினைச்சேன் என்றாள். நான் உட்காரவில்லை. மஞ்சள் துணியை அவள் கையில் கொடுத்துவிட்டு, செவ்வாயை ஏழாம் கட்டத்தில் போட்டது நான்தான், உன் ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை என்றேன். இடைவெளி, கட்டம், காப்பி, பேஸ்ட் எல்லாம் சொன்னேன். அவளுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்தது.

அவள் நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் துணியைப் பிரித்து அந்தக் கையெழுத்தை விரலால் தடவினாள்.

"நான் அவர சந்தேகப்பட்டுட்டேன்க்கா. பொண்ணுக்கு தோஷம்னு தெரிஞ்சே மாத்தி எயுதி வெச்சுட்டு போயிட்டாரோன்னு. மூணு வாரமா அவரு படத்துக்கு விளக்கு கூட ஏத்தல."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள். என் மேல் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பெண்தான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் குந்திக்கொண்டாள்.

"ஏன் பெரிம்மா, செவ்வாய்க்கே வூடு மாத்திக் குடுத்துட்டீங்களா? வாடகைக்கு வூடு மாறவங்க கூட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் மாறுவாங்க."

அழுதுகொண்டே சிரித்துவிட்டோம். பெண் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, நாளைக்கு வரவங்களுக்கு நீ போன் பண்றியா, நான் பண்ணட்டா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த நடுக்கம் எனக்குக் கேட்டது. அவ்வளவு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் அவள்.

"நீ சும்மா இரு. நான் பண்றேன்," என்றாள் அவள் அம்மா. எழுந்து முதலில் புருஷன் படத்துக்கு விளக்கேற்றினாள். பிறகு போனை எடுத்தாள்.

அன்று மத்தியானமே மூன்று பேரும் உத்திரமேரூருக்கு வந்துவிட்டோம். பாய் தொழுகை முடித்து வந்ததும் கடையை அரைக்கதவு சாத்தினார். இந்த முறை நான் வேர்டு பக்கமே போகவில்லை. கடிதத்தில் இருந்த வேறு விஷயங்களை எல்லாம் முதலில் நோட்பேடில் ஒட்டினோம். அதில் கலர், அளவு, கோடு, ஒன்றும் நிற்காது. வெறும் எழுத்து மட்டும்தான் மிஞ்சும். அங்கிருந்து எடுத்து எடிட்டரில் போட்டு, தடிமன் வேண்டிய இடத்தில் அங்கேயே தடிமன் செய்தோம். ஜாதகக் கட்டத்தை எடிட்டரிலேயே புதிதாகப் போட்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். அதற்குப் பாய் ஒரு வழி சொன்னார். அவர்கள் மதரஸாவில் ஒருவர் ஓத ஒருவர் கேட்பாராம், ஓர் எழுத்து பிசகினால் கேட்பவர் நிறுத்திவிடுவாராம். அதே மாதிரி பெண் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், நான் திரையில் விரல் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

அவள் காலிக் கட்டத்தைத் தாண்டிப் போனபோது பாய் நிறுத்தினார். "காலின்னும் வாயால சொல்லணும்மா. அத சொல்லாம வுட்டதுதானே இவ்ளோ வம்பு?"

அவள் சொன்னாள், காலி. நான் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டேன், வெறுமையாக விடக் கூடாது என்று. பன்னிரண்டு கட்டத்தையும் மூன்று முறை வாசித்தோம்.

திருத்தக் கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினேன். போன கடிதம் எத்தனை பேருக்குப் போயிற்றோ அத்தனை பேரும் அந்தத் தாயையும் மகளையும் பொய்க்காரர்கள் என்று நினைத்திருப்பார்களே. கோஷ்டியில் இரண்டு பேர், இப்படிப் போட்டால் கடிதத்தின் மேல் நம்பிக்கை போய்விடும், பெங்களூருக்கு மட்டும் சொன்னால் போதாதா என்றார்கள். பெருமாள் பெயரைத் தலைப்பில் போட்டு அனுப்புகிற காகிதத்தில் தப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படி அம்மா சும்மா இருப்பது என்றேன். "கட்டத்தைத் தப்பாகப் போட்டது நான். ஜாதகம் கொடுத்தவர்கள் மேல் குற்றம் இல்லை" என்று முதல் வரியிலேயே எழுதினேன்.

பெங்களூர் அம்மாவிடம் நானே போனில் பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, அந்தப் பெண் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது, எங்க வூட்டுக்காரர் அரைகுறையா ஜோசியம் பார்ப்பாரு, யார்கிட்டயும் காட்டாமலேயே போன் பண்ணிட்டாரு என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு கடிதத்தையும் அச்செடுத்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் கொண்டு போயிருக்கிறார். அவர் முதல் தாளைப் பார்த்ததும் சிரித்தாராம். ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிர் வீட்டில்தான் இருக்கும் அம்மா, இதில் அக்கம் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கதை பேசுகிறதே, இப்படி ஒரு ஜாதகம் பிறக்கவே முடியாது, இது கூடவா உங்க வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை என்றாராம்.

இரண்டு வாரம் கழித்துப் பெருநகருக்கு வந்தார்கள். பையனின் அப்பா மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. ஆனால் வெறும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார், மோரை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார், போகும்போது சுவரில் இருந்த பெண்ணின் அப்பா படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார். பெண் பையனிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருந்தது, அது வேறு சிரிப்பு. ஆவணியில் கல்யாணம். பத்திரிகையை நான்தான் அடித்தேன். பாய் வாசித்தார், நான் விரல் வைத்துப் பார்த்தேன்.

இன்றைக்கு அவளுக்கு இரண்டு குழந்தைகள். நல்லபடியாக இருக்கிறாள்.

இவ்வளவோடு இது முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஊரில் வேறு ஒரு கதை ஓட ஆரம்பித்தது. பெருநகர்ப் பெண்ணுக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய் இருந்ததாம், எங்கள் கோஷ்டி நாற்பத்தெட்டு நாள் பாடினதில் பெருமாள் அதை ஆறாம் இடத்துக்கு நகர்த்திவிட்டாராம். யாரோ அதைக் கடிதமாகவே எழுதி, பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று போட்டு, சுற்றி வந்து அது எனக்கே வந்தது. எங்கெங்கிருந்தோ பெண்ணைப் பெற்றவர்கள் வந்து, எந்தப் பாட்டைப் பாடினீர்கள் அம்மா என்று என்னைக் கேட்கிறார்கள். ஒரு தாய் தன் மகளின் ஜாதகத்தை என் காலடியில் வைத்தே விட்டாள். நான் என்ன சொல்வேன்?

சாமியே இல்லை என்று சொல்கிறவள் இல்லை நான். அவரை நம்பித்தான் காலையில் கண் விழிக்கிறேன். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் புத்தியைக் கொடுத்தவர் அவர்தான் என்றே நம்புகிறேன். ஆனால் அவர் எந்த தோஷத்தையும் நகர்த்தவில்லை, நகர்த்த அங்கே தோஷமே இல்லை. ஒரு நல்ல மனிதர் தன் மகளுக்காகப் பிசகில்லாமல் எழுதி வைத்ததை நான் பிசகாக அனுப்பினேன். அற்புதம் என்று சொல்லிக்கொண்டே போனால் அந்தத் தகப்பனின் கையெழுத்து பொய் என்றுதான் ஆகிறது. அவர் மனைவி இன்னும் வெள்ளிக்கிழமை என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பாடுகிறாள். அவள் காதில் அந்தக் கதை விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதனால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அற்புதக் கதைக் கடிதம் போன வீடுகளுக்கு எல்லாம் இதையும் அனுப்புங்கள். அனுப்பும்போது நோட்பேடில் ஒட்டி எடுத்து அனுப்புங்கள். எழுத்து சின்னதாகப் போனாலும், வரி முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. பூவும் படமும் வைக்க வேண்டாம். நான் செய்ததைக் குறைத்தும் சொல்ல வேண்டாம், சாமி செய்ததைக் கூட்டியும் சொல்ல வேண்டாம். அனுப்புவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிறவரை உட்கார வைத்து, ஒருவர் வாசித்து ஒருவர் சரி பாருங்கள். ஒரு சொல்லும் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.